கப்பலேறி வந்த முள்மரவட்டை வம்சம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வம்சத்தில் ஒருவர்கூட ராயபுரத்தில் பிறந்ததில்லை. காசிமேட்டில் வலை இழுத்ததில்லை, திருவொற்றியூர் தேரடியில் தலைகாட்டியதில்லை, எண்ணூர் முகத்துவாரத்தில் இறாலுக்காகச் சண்டை போட்டதில்லை. ஆனாலும் வடசென்னை வரலாற்றை யார் எழுத உட்கார்ந்தாலும் இவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் தெருப்பெயர் வைத்த ஊர் இது. இவர்கள் பேரில் ஒரு முட்டுச்சந்துகூட இல்லை. உயிரோடு வரவில்லை என்பதைத் தவிர இவர்கள் செய்த குற்றம்தான் என்ன?

குடும்பப் பெயர் யூஃபோபெரிடே. சாமுவேல் ஹப்பார்ட் ஸ்கடர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1882-இல் வைத்தது. அதற்கு முன் முப்பது கோடி வருஷத்துக்கும் மேலாகப் பெயரே இல்லாமல் பிறந்து, பிழைத்து, செத்து, கல்லாகியும் போனவர்கள். பெயர் இல்லாததால் எந்த வேலையும் நின்றுபோனதாகத் தெரியவில்லை.

ஆள் யார் என்றால், மரவட்டை. மழை விட்ட மறுநாள் கொருக்குப்பேட்டை மதிலோரம் ஊர்ந்து போகும், குச்சியால் தொட்டால் சுருண்டுகொள்ளும் ரயில்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதே இனத்தார்தான். அதே மாதிரி ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால். ஆனால் இன்றைய ரயில்பூச்சி பரம சாது. சீண்டினால் சுருளும், மிஞ்சிப்போனால் நாற்றமடிக்கும் ஒரு நீரைக் கசியவிடும். அந்தக் காலத்தவர்கள் அப்படியில்லை. முதுகிலும் விலாவிலும் வரிசையாக முள். சிலருக்கு அந்த முள்ளும் நுனியில் கவடு விட்டுப் பிரிந்திருக்கும். நெருக்கியடித்த கண்ணறைகளோடு பெரிய கண் வேறு. நீளத்தில் அரை அடியைத் தாண்டியவர்களும் உண்டு. இவ்வளவு ஆயுதமும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்த தொழில் என்னவென்று பார்த்தால், மக்கிப்போன இலைதழையைத் தின்பது.

இந்த முரண் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உறுத்தியிருக்கும். சதுப்பில் ஒரு சாயங்காலம் இப்படிப் பேச்சு நடந்திருக்கலாம்:

"நைனா, இன்னாத்துக்கு நமக்கு முதுவுல இம்மாம் முள்ளு?"

"குந்து, சொல்றேன். அதோ அந்தாண்ட, தண்ணியில பாதி தரையில பாதியா படுத்துக்கினு கீறான் பாரு, வாய் பெருசா."

"யாரு, அந்த வழவழா ஆளா?"

"அவனேதான். இப்பத்தான் கால் மொளச்சி கரையேறிக்கீறான். ஏறுனவன் கம்முனு இருக்கானா? எத்தப் பாத்தாலும் வாயில போட்டுப் பாக்குறான். நம்மளப் போட்டா தொண்டையில மாட்டணும். ஒரு தபா மாட்டிச்சின்னா மறு தபா இந்தப் பக்கம் வர மாட்டான்."

"நாம இன்னா நைனா துன்றோம்?"

"செத்த எலை."

"அதுக்கா இம்மாம் உதாரு?"

"எலை துன்றவனுக்குத்தாண்டா உதார் வோணும். கறி துன்றவன் கைல யார்றா வம்புக்குப் போறாங்க?"

இப்பத்தான் என்று நைனா சொன்னது ஐந்தாறு கோடி வருஷக் கணக்கு. புவியியலில் அது நேற்று. நாலு கால் முளைத்துக் கரையேறிய நம் முன்னோர்கள், அதாவது அந்த வழவழா ஆட்கள், கண்டதையும் வாயில் போட்டுப் பார்த்ததால்தான் இந்த முள் தேவைப்பட்டது என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள். நம் ஆட்களின் வாய்க்கொழுப்புக்கு அத்தனை பழைய சாட்சி இருக்கிறது.

இதெல்லாம் நடந்தது சுமார் 31 கோடி வருஷத்துக்கு முன், நிலக்கரிக் காலத்தில். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் அப்போது ஒட்டிக்கொண்டு நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தன. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர், அமெரிக்காவின் இல்லினாய்ஸ், செக் நாட்டின் நீர்ஷானி எல்லாமே ஒரே வெக்கை, ஒரே சேறு. முப்பது மீட்டர் உயரத்துக்குச் செதில் போர்த்திய மரங்கள். இரண்டடிக்கு மேல் இறக்கை விரித்த தட்டான்கள். பூ கிடையாது, பறவை கிடையாது. கொசுவும் கிடையாது, இந்த ஒரு விஷயத்தில் எண்ணூரைவிட வசதியான சதுப்பு.

நம் ஊர் எங்கே இருந்தது? தெற்கே, கோண்டுவானாக் கண்டத்தோடு ஒட்டிக்கொண்டு, துருவத்துப் பக்கத்தில் பனிக்கட்டிக்கு அடியில். 1842-இல் அமெரிக்காவிலிருந்து ஃபிரடெரிக் டியூடர் கம்பெனி கப்பல் கப்பலாக ஐஸ் கொண்டுவந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அதற்கென ஒரு மாளிகையே கட்டி விற்றதே, அந்த ஐஸ் இங்கே மைல் கணக்கில் இனாமாகக் கிடந்த காலம் அது. வாங்கத்தான் ஆளில்லை. யூஃபோபெரிடே குடும்பம் இந்தப் பக்கம் குடிவராததற்கு இந்தக் குளிரே போதுமான காரணம்.

அந்தப் பனிக்கு ஆதாரம் கிடைத்த கதையும் நம்மூர் ரயில் கதையும் ஒரே வருஷத்தில் நடந்தவை. 1856-இல் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் ஒரிசாவின் தால்சேர் நிலக்கரி வயலைப் பற்றி எழுதினார்கள். கரிப் படுகைக்கு அடியில் நுண்ணிய சேற்றுக்கு நடுவே பெரிய பெரிய பாறாங்கற்கள் கிடப்பதைப் பார்த்து, இவற்றைத் தண்ணீர் உருட்டியிருக்க முடியாது, பனிதான் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். வெயிலில் கறுத்துக்கொண்டே இந்தியாவில் பனிப்பாறை ஓடியது என்று எழுதுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். அதே 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஜனங்களை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியது. அதே வருஷக் கடைசியில் ஹியூ கிளெகார்ன் என்ற டாக்டரைச் சென்னை மாகாணக் காடுகளுக்குக் காவலராகப் போட்டார்கள். இந்த மூன்றுக்கும் தொடர்பு உண்டு, பொறுங்கள்.

ராயபுரத்து எஞ்சினுக்குத் தீனி வேண்டும். தெற்கே நல்ல கரி கிடையாது. காட்டை வெட்டி விறகாகப் போட்டார்கள். எஞ்சின் எவ்வளவு போட்டாலும் தின்றது; கிளெகார்ன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விறகுக்கு மேல் வேண்டியதற்குச் சீமைக்கரி. கடலில் வந்த நீராவிக் கப்பல்களின் வயிற்றிலும் வேல்ஸ் தேசத்துக் கரிதான். அந்தக் கரி யூஃபோபெரியா ஃபெராக்ஸ் என்ற முள்மரவட்டை வாழ்ந்த அதே காலத்துச் சதுப்பு. நேர்மையாகச் சொன்னால், கரியில் இருப்பது பெரும்பாலும் மரம். பூச்சியின் பங்கு இருந்தாலும் எடை போட்டுச் சொல்ல முடியாத அளவு. அவர்கள் ஏறிய மரமும் படுத்த இலையும் தின்ன மறந்த மிச்சமும்தான் இங்கே வந்தது. ஆள் வரவில்லை, வீடு வந்தது. வந்த வீட்டைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து இறக்கியவர்கள் கரையிலிருந்த கூலிக்காரர்கள். அதைப் பற்றவைத்து ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். இப்படியாக முள்மரவட்டையின் பூர்வீகச் சொத்து, வாலாஜா ரோட்டுக்கு டிக்கெட் எடுத்தவர்களின் தலைக்கு மேல் புகையாகப் போனது.

அங்கே சீமையில் கரி வெட்டுகிறவர்களின் கடப்பாரையில் இவர்கள் கல்லாக வெளிப்பட்டபோது நடந்த கூத்து தனிக் கதை. ரேஷன் கார்டில் முனுசாமியை முனியம்மாவாக்கி வயதைப் பதினேழு என்று அடித்துக் கொடுப்பார்களே, அதைவிட மோசம். 1845-இல் பாதிரியார் பீட்டர் பிராடி புதைபடிவப் பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் இந்த முள்ளாண்டிகளில் ஒருவரின் துண்டைப் பார்த்த பூச்சியியல் மேதை வெஸ்ட்வுட், இது கம்பளிப்புழு என்று பதிந்தார். முள் இருக்கிறது, நீளமாக இருக்கிறது, வேறென்ன என்று நினைத்திருப்பார். உலகத்தில் முதல் அந்துப்பூச்சி பிறக்க அப்போது இன்னும் கோடிக்கணக்கான வருஷம் பாக்கி. ஆனால் 1845-இல் அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

அடுத்து வந்தவர் ஜான் வில்லியம் சால்ட்டர். 1863-இல் இவர் இன்னொரு துண்டைப் பார்த்துவிட்டு, இது யூரிப்டெரஸ், அதாவது கடல்தேள் என்றார். தமக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்ததால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைத்தார். அவர் வைத்ததில் நிலைத்தது ஃபெராக்ஸ் என்ற பின்பெயர் மட்டும். மூர்க்கமானது என்று அர்த்தம். இலை தின்னிக்கு மூர்க்கன் பட்டம். 1868-இல் அமெரிக்காவில் மீக், வொர்தன் என்ற இரண்டு பேர் இல்லினாய்ஸில் கிடைத்த சொந்தக்காரரை ஒழுங்காகப் பார்த்து, மரவட்டைப் பக்கம் சேர்த்து, யூஃபோபெரியா ஆர்மிஜெரா என்று பெயர் கொடுத்தார்கள். ஆர்மிஜெரா என்றால் ஆயுதம் தரித்தது. பிறகுதான் பிரிட்டிஷ் மியூசியத்து ஹென்றி வுட்வர்டு 1870-களில் சீமைக்காரரையும் கடல்தேள் பட்டியலிலிருந்து அடித்து இந்தக் குடும்பத்தில் எழுதினார். கம்பளிப்புழு, தேள், மரவட்டை என்று ஆளை ஒரு முப்பது வருஷம் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? 1882-இல் ஸ்கடர் வந்தார். பட்டாம்பூச்சிகளில் கரைகண்டவர். இந்தக் குடும்பத்தைத் தொகுத்து, இன்னும் மேலே ஆர்க்கிபாலிபோடா என்று ஒரு பெரிய கூட்டத்தையும் உண்டாக்கினார். அது இன்றும் நிற்கிறது. ஆனால் கால்களுக்கு நடுவே தெரிந்த துளைகளைப் பார்த்துவிட்டு, இவை செவுள் வைக்கும் இடம், இவர்கள் தண்ணீரிலும் வாழ்ந்தவர்கள், நீந்தினார்கள் என்று எழுதினார். முதுகில் முள்ளும் விலாவில் முள்ளும் வைத்துக்கொண்டு அரை அடி மரவட்டை நீச்சலடிக்கும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்றைய மரவட்டைகள் சிலவற்றுக்கும் கால் ஓரம் ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் உண்டு, இதுவும் அதுதான் என்று பின்னால் வந்தவர்கள் சொல்லி அவர்களைக் கரையேற்றினார்கள். ஃபெராக்ஸையும் பிற்காலத்தில் யூஃபோபெரியாவிலிருந்து எடுத்து மிரியகாந்தெர்பெஸ்டெஸ் என்ற புதுக் கிளையில் சேர்த்தார்கள். அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டிய அவசியம் வரும்வரை செத்துப்போனது அவருக்கு நல்லதாயிற்று.

வம்சம் அழிந்த கதைக்கு வருகிறேன். முள்ளைக் கடக்கிற பல் முளைத்து யாரோ தின்று தீர்த்தார்கள் என்று சொன்னால் வீரக் கதையாக இருக்கும். அதற்கு ஆதாரமில்லை. சுமார் 30.5 கோடி வருஷத்துக்கு முன் வானம் மாறியது. மழை குறைந்து வறட்சி ஏறியது. நிலநடுக்கோட்டில் பரந்து கிடந்த சதுப்புக்காடு துண்டு துண்டாகச் சுருங்கியது. செதில் மரங்கள் போயின, அவற்றின் இடத்தில் பெரணி மரங்கள் வந்தன. முள்மரவட்டைகள் பாறைகளில் அரிதாகி, பிறகு இல்லாமலே போயினர். கோடிக்கணக்கான வருஷம் வாய்க்கு எதிராகத் தயாராகி நின்றவர்களுக்குக் காலடியிலிருந்து சேறு போனது. நைனா பையனுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அவருக்கே தெரியாது.

இந்தியாவின் பனி உருகியது இந்தக் களேபரத்தை ஒட்டித்தான். உருகிய நிலத்தில் குளோசோப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலை மரம் காடாக எழுந்தது. அதன் சதுப்பு அழுந்தித்தான் தால்சேர் கரி, பிளான்ஃபோர்டு பார்த்த பாறாங்கற்களுக்கு மேலே. அந்தக் கரி ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தை அதை நம்பித்தான் கட்டினார்கள். கரி இறக்குவதற்காகவே எண்ணூரில் ஒரு துறைமுகம் கட்டி 2001-இல் திறந்தார்கள். இப்போது அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். அதற்குப் பின்னும் ராயபுரத்துக்குக் கரி வந்துகொண்டுதான் இருந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி கறுப்புக் கரை வேட்டியாகத் திரும்புகிறது என்று ஜனங்கள் பொறுக்க மாட்டாமல் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத்தாதும் கையாளுவது நின்றது. நின்றது என்றால், மொத்தமாக எண்ணூர்ப் பக்கம் போனது. ராயபுரத்தின் நியாயம் எண்ணூரின் தலையில் விடிந்தது.

இந்தியக் கரியில் சாம்பல் அதிகம். 40 சதவீதம் வரைகூடப் போகும். எரித்தபின் அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டுச் செப்பாக்கத்துக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்து சாம்பல் குழம்பு கொசஸ்தலை ஆற்றிலும் அலையாத்தி நிற்கும் கழிவெளியிலும் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. சுமார் 28 கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு சதுப்பைத் தோண்டியெடுத்து, எரித்து, அதன் சாம்பலை உயிரோடிருக்கும் சதுப்பின் மேல் கொட்டுவது என்ற யோசனை எந்த மரவட்டைக்கும் தோன்றியிருக்காது. அதற்கு மூளை வேண்டும், டெண்டர் வேண்டும்.

இல்லினாய்ஸ்காரர்கள் வேறு மாதிரி. மேசான் கிரீக் என்ற இடத்தில் கரிக்குழி தோண்டி, கரியை எடுத்துக்கொண்டு மேல்மண்ணை மலையாகக் கொட்டினார்கள். அந்தக் குப்பையில்தான் நம்ம ஆட்கள் இருந்தார்கள். கரியில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதற்கு மேலே இருக்கும் களிப்பாறையில் இரும்புச்சத்து உறைந்த உருண்டைக் கற்களுக்குள் இருப்பார்கள். கல்லைச் சுத்தியலால் அடித்தால் கோணல்மாணலாக உடையும். அதனால் தேடுகிறவர்கள் கற்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஃப்ரீஸரில் உறையவைத்து, வெளியே எடுத்து இளகவைத்து, மறுபடி உறையவைத்து, அதுவாகவே இரண்டாகப் பிளக்கும்வரை காத்திருக்கிறார்கள். வீட்டு ஃப்ரீஸரில் வஞ்சிர மீனுக்கு இடமில்லாமல் முப்பது கோடி வருஷக் கல் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. பதினோராம் எண் குழி என்று பேர் பெற்ற பெரிய கரிக்குழியில் பிற்பாடு தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். இப்போது அது பிரெய்ட்வுட் அணுமின் நிலையத்தின் உலையைக் குளிரவைக்கும் ஏரி. முள்மரவட்டை எந்தக் கண்டத்தில் செத்தாலும் அதன் மேல் ஒரு மின் நிலையம் வந்தே தீரும் போலிருக்கிறது.

இந்த வம்சத்துக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் உண்டு: ஆர்த்ரோப்ளூரா. சால்ட்டர் ஃபெராக்ஸுக்குப் பெயர் வைத்தபோது அடைப்புக்குறிக்குள் இந்தப் பெயரையும் சேர்த்துவிட்டதால் கொஞ்ச காலம் சொத்துத் தகராறே இருந்தது. முள் எதுவும் தேவைப்படாத ஆகிருதி. 2018-இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லண்டு கடற்கரையில் குன்றிலிருந்து ஒரு மணற்பாறை விழுந்து பிளந்ததில் இவருடைய உடல் துண்டு ஒன்று வெளியே வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து முழு ஆள் 2.6 மீட்டர் நீளம், சுமார் 50 கிலோ என்று 2021-இல் அறிவித்தார்கள். ஷேர் ஆட்டோவில் குறுக்கே படுத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பார். இந்தக் கண்டுபிடிப்புகளில் பேராசிரியர்களை மட்டும் புகழ வேண்டியதில்லை. தரையில் காற்றைச் சுவாசித்ததற்கு மிகப் பழைய சாட்சிகளில் ஒன்றான நியூமோடெஸ்மஸ் என்ற மரவட்டையை ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவன் துறைமுகத்தருகே கண்டெடுத்தவர் மைக் நியூமன் என்ற பஸ் டிரைவர். 2004-இல் அவர் பேரையே அதற்கு வைத்தார்கள். மூலக்கொத்தளம் சிக்னலில் தினம் பஸ் ஓட்டுகிறவர்களின் பொறுமைக்கு, அவர்களுக்கும் ஏதாவது ஒன்று கிடைத்திருக்க வேண்டும்.

ஆயிரங்கால் என்ற பட்டத்துக்கும் நெடுநாள் யாரும் தகுதி பெறவில்லை. 2021-இல்தான் ஆஸ்திரேலியச் சுரங்கப் பகுதியில் 60 மீட்டர் ஆழத்துத் துளைக்குள்ளிருந்து 1306 காலோடு ஒரு மரவட்டை வந்து மானத்தைக் காப்பாற்றியது. முள் கிடையாது, கண்ணும் கிடையாது. நம்ம வம்சத்தின் வீறாப்பு எதுவும் இல்லாமல் எண்ணிக்கையில் ஜெயித்துவிட்டது.

வீறாப்பு எங்கே போயிற்று என்றால், ஜப்பானுக்கு. அங்கே மத்திய மலைப்பகுதியில் பாராஃபோன்டாரியா என்று ஒரு மரவட்டை. அதன் ஒரு கிளையின் பெயரிலும் ஆர்மிஜெரா இருக்கிறது. ஆயுதம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. எட்டு வருஷத்துக்கு ஒரு முறை மண்ணுக்குள்ளிருந்து வளர்ந்த கூட்டம் மொத்தமாக வெளியே வரும். தண்டவாளத்தின் மேல் போர்த்துக்கொண்டு ஊரும். சக்கரம் ஏறினால் நசுங்கி வழுக்கும். ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றுவிடும். 1920-லேயே இப்படி ரயிலை நிறுத்திய பதிவு இருக்கிறது. அப்போது ஓடியது நீராவி எஞ்சின், உள்ளே எரிந்தது கரி. கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகக் காத்து நிற்கும் ஜனங்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். "இங்க பூச்சி இல்லாமலே நிக்குதே" என்பார்கள்.